ஹோபு மூச்சு விடுகிறது

மொந்தாமாவின் புதுத் தொகுதி வருகிற நாளில் நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போய்விடுவேன். உவோசு ஊரின் கடலோரச் சாலையில் இருக்கும் பேரங்காடியின் இரண்டாம் மாடிதான் எங்கள் விளையாட்டுக் கூடம். கீழே மீன் பகுதி. மேலே பதினோரு இயந்திரங்கள், சில்லறை மாற்றும் பெட்டி ஒன்று, கடலைப் பார்த்த நீள ஜன்னல் ஒன்று. பதினான்கு வருஷமாக இவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

மொந்தாமா சின்னப் பிள்ளைகளுக்கென்று செய்த விளையாட்டு. நாணயம் போட்டு, கையில் இருக்கும் வட்டைப் பள்ளத்தில் வைத்தால், வட்டில் உள்ள பூதம் திரையில் எழுந்து நின்று சண்டை போடும். ஜெயித்தால் தோற்ற பூதத்தின் வட்டு கீழே 'டொக்' என்று விழும். அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு புதுப் பூதங்கள் ஒரு தொகுதியாக வரும். வந்த அன்று கடை திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் ஆள் நிற்கும். பாதிப் பேர் பிள்ளைகள். மீதிப் பேர் பிள்ளைகளைச் சாக்கு வைத்து வந்தவர்கள். நகரப் பேருந்து ஓட்டும் தொரிகோயே-சானுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஐம்பத்தாறு வயது, தனி ஆள். சீருடையோடு வந்து, வெள்ளைக் கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, வட்டுகள் அடுக்கிய புத்தகத்தை விரிப்பார்.

அந்த ஏப்ரல் மாத வியாழக்கிழமை, பெட்டியைப் பிரித்து வட்டுகளை இயந்திரத்தின் வயிற்றில் கொட்டினேன். பிறகு சுவரொட்டியை விரித்தேன். 'கானல் கடல்' என்று மேலே எழுதியிருந்தது. நீலமும் சாம்பலும் கலந்த கடல். அதன்மேல் தலைகீழாக மிதக்கும் ஊர்கள். நடுவில் கொம்பும் செதிலுமாகப் பெரிய பூதங்கள். ஒட்டுவதற்காக வலது மூலையை விரலால் அழுத்தினேன். விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று கண்ணை மூடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தேன்.

ஒரு சிப்பி. மேல் ஓட்டின் மீது கம்பளிக் காலுறை ஒன்றைத் தொப்பி போலக் கவிழ்த்திருந்தது. காலுறையின் நுனியில் ஓட்டை. அடியில் சின்ன எழுத்தில் பெயர்: ஹோபு.

நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர்க் கடலில் வசந்த காலத்தில் கானல் எழும். மலைப்பனி உருகி வந்து கடல் குளிர்ந்து கிடக்க, மேலே காற்று மட்டும் சூடாகும் நாட்களில், எதிர்க்கரையின் கட்டிடங்களும் புகைபோக்கிகளும் வானத்தை நோக்கி நீளும். சில சமயம் தலைகீழாகத் தொங்கும். கடலடியில் ஒரு கிழட்டுச் சிப்பி மூச்சு விடுவதால்தான் அது என்பது பழைய பேச்சு. எனக்கு எட்டு வயதும் அக்கா கயானோவுக்குப் பன்னிரண்டு வயதுமாக இருந்தபோது, அப்பா எங்களைத் தடுப்புச் சுவரின்மேல் உட்கார வைத்துக் கானலுக்காகக் காத்திருப்பார். துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலையில் அவருக்கு வேலை. விடுமுறையிலும் அவர்மேல் குளிர் வாடை அடிக்கும். கானல் பெரும்பாலும் வராது. அந்தச் சலிப்பில்தான் ஹோபு பிறந்தது. அக்கா வரைவாள், நான் அது என்ன செய்யும், எப்படிப் பேசும் என்று சொல்வேன். காலுறை என் யோசனை. ஓட்டை அவள் யோசனை.

அந்த அக்காவோடு நான் பேசிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா அந்த வருஷம் பிப்ரவரியில் மயங்கி விழுந்தார். அக்கா தோக்கியோவில் படம் வரையும் வேலையில் இருந்தாள். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "இந்த வாரத்த முடிச்சிட்டு வந்துடுறேன் மிசா" என்றாள். அப்பா புதன்கிழமை போய்விட்டார். அவள் வியாழக்கிழமை வந்தாள், விரலெல்லாம் மை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு முன்தினம், பழைய தாள் எடுக்கும் வண்டி தெருவில் பாடிக்கொண்டு வந்தபோது, அவளுடைய அலமாரியில் இருந்த, அவள் சின்ன வயதிலிருந்து வரைந்து நிரப்பிய படப் புத்தகங்கள் ஏழையும் கட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவள் காலி அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"ஹோபு கூடவா?" என்று கேட்டாள்.

"எல்லாந்தான்" என்றேன்.

"அது பாதி உன்னோடது, தெரியுமா?" என்று மட்டும் சொன்னாள். காலணியை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாள். அதன்பின் மூன்று வருஷம் புத்தாண்டு அட்டை வந்தது, அச்சடித்த வரிகளோடு மட்டும். நான் பதில் போடவில்லை. பிறகு அவள் வீடு மாறியிருக்க வேண்டும். அட்டையும் நின்றது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தேன். வரிசையில் முதலில் நின்றவள் நொதோகா, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லாதவள். அவள் அம்மா கீழே மீன் நறுக்குகிறவள். அடுத்து தொரிகோயே-சான். என் கைகள் தாமாகவே வரிசைச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. அக்கா கோடு இழுக்கும் விதம் எனக்குத் தெரியும்; வேறு யாரும் அப்படி வரைய மாட்டார்கள். முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை. பாதி என்னுடையது என்று சொன்னவள்தானே, அந்தப் பாதியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் நாடு முழுக்க விற்கிறாளே என்ற கோபம்தான்.

நொதோகா ஜெயித்த முதல் ஆட்டத்திலேயே ஹோபு விழுந்துவிட்டது. உடனே அதைப் பள்ளத்தில் வைத்து விளையாடிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அத்தே, இது கெட்டுப் போச்சு! அடிக்கவே மாட்டேங்குது!"

"கெட்டுப் போகல. அதோட பலம் எவ்வளவுன்னு பாரு" என்றார் தொரிகோயே-சான், வட்டை வாங்கி மூக்குக்கு நேராகப் பிடித்து. "சைபர். நானும் ஆறு வருஷமா ஆடுறேன், சைபர் பலத்துல ஒரு பூதத்தப் பாத்ததில்ல."

"அப்போ எதுக்கு இருக்கு?"

"பின்னால எழுதியிருக்கு. 'மூச்சு விடும். எதிரிக்குத் தன் ஊர் கண்ணில் தெரியும். ஒரு சுற்று அடிக்க மறந்துவிடும்.'"

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சுத்த மோசம்" என்றாள் நொதோகா. ஆனால் வட்டைத் திருப்பிப் பிடுங்கிக்கொண்டாள்.

தொரிகோயே-சான் அவளிடமிருந்து அதைக் கெஞ்சிக் கடன் வாங்கி, தன் முறையில் வைத்தார். எதிரே ஏழு கொம்புள்ள ஒரு பெரிய பூதம் உறுமிக்கொண்டு வந்தது. ஹோபு மெதுவாக வாயைத் திறந்தது. திரை வெளுத்தது. பனிமூட்டத்துக்கு மேலே ஒரு கரை எழுந்து நீண்டது. அப்போது ஒலிபெருக்கியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

'ஹோ...' என்று அடியிலிருந்து நீளமாக. பிறகு உதடு ஒட்டிப் பிரிகிற 'பு'.

யாரோ பிடரியில் கை வைத்தது போல நான் நின்றேன். அது நான். வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கனமாக்கி, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலச் செய்திருந்தார்கள். ஆனாலும் அது எட்டு வயது மிசாவோ, முன்பல் ஆடிக்கொண்டிருந்த அந்த வசந்தத்தில், தடுப்புச் சுவரின்மேல் அப்பாவின் ஒலிப்பதிவுப் பெட்டிக்கு முன்னால் விட்ட மூச்சு. அந்தப் பெட்டியை அப்பா போனபிறகு வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன்.

"தொரிகோயே-சான், இன்னொரு தடவ மூச்சு விடச் சொல்லுங்க."

"நான் எங்க சொல்றது, அதோட முறை வரணுமே."

"நாணயம் நான் போடுறேன். வைங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பதினான்கு வருஷத்தில் நான் என் காசில் யாரையும் விளையாடச் சொன்னதில்லை. ஆனாலும் வைத்தார். நான் தரையில் மண்டியிட்டு, ஒலிபெருக்கியின் துளைகளில் காதை வைத்துக்கொண்டேன். நொதோகாவும் வந்து மறுபக்கம் காதை வைத்தாள்.

ஹோ... பு. அது முடிந்த பிறகும் அரை நொடி மிச்சமிருந்தது. அலை கல்லில் படுகிற சத்தம். அதோடு சேர்ந்து, யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து அது மூக்கு வழியே தப்பித்துப் போகிற சத்தம்.

"கடைசியில யாரோ தும்முறாங்க" என்றாள் நொதோகா.

"தும்மல் இல்ல. சிரிப்பு."

"யாரு?"

"எங்க அப்பா" என்றேன்.

அவள் அதைச் சந்தேகிக்கவே இல்லை. "உள்ள இருக்காரா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் பொம்மை பிடிக்கும் இயந்திரத்தின் பக்கம் ஓடிவிட்டாள். தொரிகோயே-சான்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் நான் விழித்தபடியே கனவு கண்டவள் மாதிரி இருந்தேன். ஜன்னலில் கடல் பால் போலக் கிடக்கும். பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். திடீரென்று என் மூச்சு கூடத்தில் பரவும். என் பின்னால் அப்பா சிரிப்பார். வடக்கே ஏதோ ஒரு தீவில், தெற்கே எரிமலை அடிவாரத்து ஊரில், நான் பார்த்தேயிராத கூடங்களில் எல்லாம் இதே நேரத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன். அதை நினைத்தால் கோபம் கையில் நிற்காது. ஈரச் சவர்க்காரம் மாதிரி நழுவும். கடைசியில் அதைத் தேடிப் பிடிப்பதே எனக்கு அலுத்துப்போனது.

முகவரி இல்லை. அப்பாவின் கல்லறை இருக்கும் புத்தர் கோயிலுக்குப் போன் செய்தேன். குருவின் மனைவி எடுத்தார்.

"கயானோ-சான் முகவரியா? இருக்கே. வருஷா வருஷம் உங்க அப்பா பேருக்கு ஊதுவத்தி அனுப்புறவங்களாச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்படியா" என்றார் அந்த அம்மாள். அந்தப் பக்கம் கெண்டியை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. "நீங்க சேர்ந்து அனுப்புறதாத்தான் நாங்க நினைச்சுக்கிட்டிருந்தோம். உறையில ரெண்டு பேர் பேரும் இருக்கும்."

கீழே போய்ச் சில தபால் அட்டைகள் வாங்கினேன். மன்னிப்பு என்று ஆரம்பித்து ஒன்றைக் கிழித்தேன். நலமா என்று ஆரம்பித்து இன்னொன்றை. மூன்றாவதில் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததை அப்படியே எழுதினேன்: 'ஹோபு வந்து சேர்ந்தது. மூச்சு விடுமுன் இரண்டு தரம் கண் சிமிட்டும். நீ மறந்துவிட்டாய். மிசாவோ.' யோசிக்க நேரம் கொடுக்காமல் பெட்டியில் போட்டேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். இருட்டில் ஒளிரும் கணவாய்மீன் பிடிபடும் பருவம் உச்சத்துக்குப் போய், கீழே மீன் பகுதியில் அவித்த கணவாய்ப் பெட்டிகள் மலை போலக் குவிந்தன. மூன்றாவது வாரம் சனிக்கிழமை மதியம், மொந்தாமா வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே சாம்பல் நிறக் கோட்டோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. கையில் சின்னப் பெட்டி. சீட்டுக் கேட்டுக் கையை நீட்டியபோது விரல் நுனியில் மையைப் பார்த்தேன்.

"எத்தன ஆட்டம்?" என்று கேட்டேன்.

"ஒன்னு" என்றாள் அக்கா. "ரெண்டு பேர் ஆடுறதா இருந்தா ரெண்டு."

"நான் வேலையில இருக்கேன்."

"தெரியுது. ஏப்ரன்ல முயல் போட்டிருக்க."

"கடைல குடுத்தது."

"உனக்கு நல்லாத்தான் இருக்கு."

நான் முறைத்தேன். எனக்குப் பின்னால் தொரிகோயே-சான் இருமினார். அப்போது கூடத்தில் ஒவ்வொருவர் கைப்பேசியாக 'டிங்' என்றது. நகரசபையிலிருந்து செய்தி: கானல் எழுந்திருக்கிறது. அவ்வளவுதான். அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். நொதோகா தன் அம்மாவின் ரப்பர் காலணிச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள். தொரிகோயே-சான் கையுறையை மாட்டியபடி, "நான் பாத்துக்கிறேன், யாராவது வந்தா கூப்பிடுறேன். நீங்க ஆடுங்க" என்று சொல்லிப் படிக்கட்டு வாசலில் காவலுக்கு நிற்பது போல முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

ஜன்னலில் எதிர்க்கரை எழுந்துகொண்டிருந்தது. துறைமுகத்துப் பாலம் மெழுகுபோல இழுபட்டு உயர்ந்தது. எண்ணெய்த் தொட்டிகள் தூண்களாயின. ஒரு கப்பல் தன் நிழலைத் தலையில் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது. கூடத்துக்குள் வெளிச்சம் மீன் தொட்டியில் இருப்பது போல ஆடியது. இயந்திரங்கள் ஆளில்லாமல் தமக்குள்ளே மெல்லப் பாடிக்கொண்டிருந்தன.

நாங்கள் முதுகில்லாத அந்தச் சின்ன இருக்கைகளில் உட்கார்ந்தோம். முழங்கால்கள் இயந்திரத்தில் இடித்தன. அக்கா ஹோபுவை வைத்தாள். நான் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பறவைப் பூதத்தை வைத்தேன். இரண்டும் ஒரே பக்கம்; எதிரே இயந்திரத்தின் பூதம்.

"கண் சிமிட்டுறது மறக்கல" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. "வரைஞ்சு குடுத்தேன். நேரம் ஆகுதுன்னு கம்பெனியில வெட்டிட்டாங்க."

"சண்டை போட்டிருக்கலாமே."

"போட்டேன். காலுறைக்குப் போட்டேன். ஓட்டைக்குப் போட்டேன். அப்பா சிரிப்புக்கு ஒரு மாசம் போட்டேன். 'இரைச்சல், எடுத்துடலாம்'னாங்க. எடுத்தா படத்தையும் எடுத்துக்கிறேன்னு சொன்னேன். கண் சிமிட்டலுக்கு என்கிட்ட பலம் மிச்சமில்ல."

நான் பொத்தானை அடித்தேன். தப்பான பொத்தான். என் பறவை போய்ச் சுவரில் மோதியது.

"உன்கிட்ட கேக்காம எடுத்தேன்" என்றாள். "உன் குரலத்தான் சொல்றேன். அந்த ஒலிப்பெட்டியையும் அன்னிக்கே எடுத்துக்கிட்டுத்தான் போனேன். நீ புத்தகத்தத் தூக்கிப் போட்டதுக்குப் பதிலா."

"அப்போ கணக்கு சரியாப் போச்சா?"

"இல்ல. நான் புதன்கிழமைக்குள்ள வரல. அது எதிலயும் சரியாகாது."

இதைச் சொன்னபோது அவள் குரல் ஏறவோ இறங்கவோ இல்லை. பல வருஷம் தனக்குள்ளேயே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் என்று தெரிந்தது. புத்தகங்களைக் கொடுத்த அன்று, வண்டி முனை திரும்புவதற்குள் நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடியதையும், வண்டி ஓட்டியவர் கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே போனதையும் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

"ஓடினியா?" என்றாள்.

"பல் ஆஸ்பத்திரி வரைக்கும்."

"அவ்வளவு தூரமா!" அவள் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துல எல்லாம் கடைசியா வருவியேடி."

திரையில் ஹோபுவின் முறை வந்தது. வாய் திறந்தது. ஹோ... பு. அலை. சிரிப்பு. எதிரிப் பூதம் ஊரை நினைத்துக்கொண்டு ஒரு சுற்று முழுதும் சும்மா நின்றது. அடுத்த சுற்றில் எங்களை ஒரே அடியில் சாய்த்துவிட்டது. தோற்றோம். ஜன்னலுக்கு வெளியே பாலம் மெதுவாகத் தன் உயரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அக்கா அன்று எங்கள் வீட்டில் தங்கினாள். பழையது ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. மறுநாள் காலையிலேயே, சோற்றுருண்டைக்குக் கடற்பாசித்தூள் போர்த்துவதில் வாக்குவாதம் வந்தது. அவள் தோக்கியோக்காரி மாதிரி தூளுக்குப் பதில் காய்ந்த பாசித்தாளைச் சுற்றினாள். நான் அதைச் சொல்லிக் காட்டினேன். அவள் கதவை அடித்துச் சாத்தினாள். பத்து நிமிஷம் கழித்து வெளியே வந்து, "கல்லறைக்குப் போகணும், பூ எங்க வாங்குறது?" என்று கேட்டாள். சேர்ந்து போனோம்.

ஜூலை கடைசியில் ஒரு மதியம் கூடத்துத் தொலைபேசி அடித்தது. இலையுதிர்காலத் தொகுதிக்கு மலைப் பூதம் ஒன்று வேண்டுமாம்.

"இந்தத் தடவ கேட்டுட்டு எடுக்கிறேன்" என்றாள் அக்கா. "உச்சியில பனி உருகாம உக்காந்திருக்கும். பேரு இன்னும் வைக்கல. என்ன செய்யும்னு நீ சொல்லு."

"கால் எத்தன?"

"ஆறு."

"ஆறு கால் வச்சா பூச்சி ஆயிடும். அஞ்சு வை."

"அஞ்சு கால் எப்படி நடக்கும்? சாஞ்சுக்கிட்டே போகும்."

"சாஞ்சுக்கிட்டேதான் போகட்டும், மலைதானே?"

மறுமுனையில் பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற நொதோகா என் ஏப்ரனை இழுத்து, "யாரு அத்தே?" என்றாள். "எங்க அக்கா" என்று சொல்லி, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவளுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

கால் விஷயம் இன்னும் முடிவாகவில்லை.